மணி அடித்தது, நான்தான் கேட்கவில்லை

வானொலிக்காரர்களான எங்களுக்குப் பேயைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அமைதி! பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே சில விநாடி சத்தமே இல்லாமல் போனால், நேயர் அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவார். அதனால்தான் ஒலிபரப்பில் அமைதியைக் கண்டுபிடிக்கவே ஒரு கருவி உண்டு. குறிப்பிட்ட விநாடிகளுக்கு மேல் ஒலி இல்லையென்றால் அது எச்சரிக்கும்.

இணையத்தளங்களுக்கும் இப்படி ஒரு காவல்காரர் இருக்கிறார். நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் கதவைத் தட்டிப் பார்க்கும் சேவை. பதில் வராவிட்டால் கைப்பேசிக்குத் தகவல் வரும். வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் என் அக்காவின் தளத்துக்கு அதை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். குடும்பத்தில் ஒருவன் ஊடகம் படித்துவிட்டால், பிரின்டர் முதல் இணையத்தளம் வரை எல்லாம் அவன் தலையில்தானே!

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. தேக்காவில் விளக்குகள் ஜொலித்துக்கொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை காலை அக்கா அழைத்தார்.

“தம்பி, ராத்திரி முழுக்க யாராலயும் ஆர்டர் போட முடியலையாம்.”

“எனக்கு எச்சரிக்கையே வரலையே அக்கா.”

“வரலையா, நீ பாக்கலையா?”

கோபத்தோடு சேவையின் பக்கத்தைத் திறந்தேன். அதில் ‘எச்சரிக்கை வரலாறு’ என்று ஒரு பகுதி உண்டு. எந்த விதி, எந்தத் தேதி என்று தேர்ந்தெடுத்தால், எப்போது மணி அடித்தது, எப்போது தளம் மீண்டது, தகவல் யாருக்குப் போனது என்று பட்டியல் வரும். வெள்ளி இரவு 11 மணியைத் தேடினேன். ஒன்றுமில்லை. “பார்த்தீர்களா, சேவைதான் மோசம்” என்று சொல்லவிருந்தேன்.

அப்போதுதான் மூலையில் இருந்த சிறிய எழுத்தைக் கவனித்தேன். பட்டியல் உலகப் பொது நேரத்தில் இருந்தது. சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். நம் இரவு 11 மணி அதில் பிற்பகல் 3 மணி. அங்கே பார்த்தால், 3.12க்கு மணி அடித்திருக்கிறது. என் டெலிகிராம் குழுவுக்குத் தகவல் போயிருக்கிறது. அந்தக் குழுவை மூன்று வாரங்களுக்கு முன்பே நான் ஊமையாக்கி வைத்திருந்தேன்.

ஏன் ஊமையாக்கினேன்? அதற்கும் அந்தப் பட்டியலிலேயே பதில் இருந்தது. முந்தைய ஒரு மாதத்தைக் கேட்டுப் பார்த்தேன். 41 எச்சரிக்கைகள். அதில் 38 இரண்டே நிமிடத்தில் தானாகச் சரியானவை. பெரும்பாலானவை விடியற்காலை 3 மணிக்கு, தளம் தன்னைத் தானே பிரதி எடுக்கும் நேரத்தில் வந்தவை. ஒரே ஒரு முறை பதில் வராவிட்டாலும் மணி அடிக்கும்படி விதியை எழுதியவனும் நான்தான். புலி வருது, புலி வருது என்று தினமும் கத்த வைத்துவிட்டு, நிஜப் புலி வந்த இரவில் காதைப் பொத்திக்கொண்டேன்.

பெரிய அமைப்புகளுக்கும் இது நடக்கிறது. 2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு மேற்கு ரயில் தடத்தில் ஒரு பழைய ரயிலின் அச்சுப்பெட்டி கழன்று விழுந்து, தண்டவாளங்கள் உடைந்தது நினைவிருக்கும். ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விசாரணை முடிவு 2025 ஜூனில் வந்தது. அதில் என் மனத்தில் தங்கியது ஒன்று: தடத்தோரக் கருவி அந்த ரயிலின் அதிக வெப்பத்தைப் பதிவுசெய்திருந்தது. ஆனால் ரயிலின் எண் சரியாகப் பதிவாகவில்லை. அதனால் அது பிழையான அளவு என்று கருதப்பட்டது. ரயில் தொடர்ந்து ஓடியது.

நம் வீட்டிலும் பாருங்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றி வைத்தவர்கள் எத்தனை பேர்? சத்தம் தொல்லையென்றால் கருவியை அடுப்பிலிருந்து தள்ளி மாட்டலாம். பேட்டரியைக் கழற்றினால் தொல்லையோடு பாதுகாப்பும் போய்விடும்.

நான் விதியை மாற்றினேன். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் மட்டும் மணி. விடியற்காலைப் பிரதி நேரத்துக்கு விலக்கு. நான் நிகழ்ச்சியில் இருந்தால் அக்கா மகளின் கைப்பேசிக்கும் தகவல். பழைய பதிவுகளைச் சேவை சில மாதங்களில் அழித்துவிடும் என்பதால், மாதக் கடைசியில் பட்டியலை இறக்கி வைக்கிறேன்.

அந்த இரவில் போன ஆர்டர்களில் பல திரும்ப வந்தன. ஆண்டுதோறும் பேரப்பிள்ளைகளுக்கு அதிரசம் வாங்கும் ஒரு பாட்டி மட்டும் வேறு கடையில் வாங்கிவிட்டாராம். அக்கா என்னைத் திட்டவில்லை. மாதக் கடைசியானால் மட்டும் தவறாமல் கேட்கிறார்: “தம்பி, லிஸ்ட் பாத்தியா?”