ஆங்கிலம் அறிவோம்: மனமில்லாமல் செய்ததும் பயந்து செய்ததும்



முறைப்பாடு, வாக்குமூலம், விண்ணப்பம் என்று எங்கள் கதையை வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரிலக்ரன்ட்லி’ என்ற சொல் வந்து விழலாம். ‘தயக்கத்துடன்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அது பாதிப் பொருள்தான்.

என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதும் தமிழில் தயக்கம். விருப்பமில்லாமல் ஒன்றைச் செய்வதும் தயக்கம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘ஹெஸிரன்ட்லி’ என்பார்கள். ஒட்டிக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. அதிகாரியின் மேசைக்கு முன்னால் சொற்களை விழுங்கி விழுங்கிப் பேசுகிறோமே, அதுதான். ‘ரிலக்ரன்ட்லி’யின் லத்தீன் மூலத்துக்கோ எதிர்த்து மல்லுக்கட்டுதல் என்று பொருள். மனம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கை செய்து முடித்துவிடுகிறது.

‘ஷீ ரிலக்ரன்ட்லி சோல்ட் ஹேர் ஜுவல்ஸ்.’ பிள்ளையின் படிப்புச் செலவுக்காக மனமில்லாமல் நகையை விற்றாள். விற்பதா விடுவதா என்ற குழப்பம் அவளுக்கு இல்லை, கவலைதான் இருந்தது. சொல்லை வினைக்கு முன்னாலும் வைக்கலாம், வசனத்தின் முடிவிலும் வைக்கலாம்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் காட்டும் சான்றிதழையும் பெறலாம் என்று வந்தது. காணி அலுவலுக்காக ஒரு தாய் தானே யோசித்து, நெஞ்சு வலிக்க மரணச் சான்றிதழை எடுத்தால் அது ‘ரிலக்ரன்ட்லி’. யாரும் வெருட்டி எடுக்க வைத்திருந்தால் அந்தச் சொல் போதாது. ‘ஷீ வொஸ் ஃபோஸ்ட்’, அதாவது கட்டாயப்படுத்தப்பட்டாள் என்றுதான் எழுதவேண்டும். முதல் வசனத்தை வாசிப்பவர், அவள் கடைசியில் சம்மதித்தாள் என்றே எடுத்துக்கொள்வார். வெருட்டியவர் அந்த வசனத்தில் இல்லாமலே போய்விடுவார்.

ஆகவே கையொப்பம் வைக்க முன், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி மட்டுமே.

‘ஜிஞ்சர்லி’ என்றும் ஒரு சொல் உண்டு. இஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! முள்ளில் கால் படாமல் நடப்பதுபோல மெத்தக் கவனமாக என்று பொருள்.

இந்த மாதப் பயிற்சி: ‘மனமில்லாமல் ஊரை விட்டு வந்தோம்’, ‘ஊரை விட்டுத் துரத்தப்பட்டோம்’. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.