பெட்டி புதிது, அச்சு பழையது

அளவு மாதிரிக் கார் கிட் என்பது ஒரு காரை 24இல் ஒரு பங்காகவோ, 25இல் ஒரு பங்காகவோ, 32இல் ஒரு பங்காகவோ சுருக்கி, பாலிஸ்டைரீன் பாகங்களாக வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்பது. பாகங்களைச் சட்டத்திலிருந்து நறுக்கி, தேய்த்து, வண்ணம் அடித்து, ஒட்டிக் காராக்கும் வேலை வாங்குபவருடையது. 1/24 என்பது அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு. 1/25 அமெரிக்காவில் பிறந்த அளவு. டெட்ராய்ட் கார் விற்பனையகங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டிய விளம்பர மாதிரிகளிலிருந்து வந்தது. அந்த மாதிரிகளைச் செய்துகொண்டிருந்த ஏஎம்டி நிறுவனம் கிட்டுக்கு மாறியபோது அளவும் கூடவே வந்துவிட்டது. 4,325 மில்லிமீட்டர் நீளமுள்ள அம்பாசடரை 1/24இல் செய்தால் 18 சென்டிமீட்டர், 1/25இல் 17.3 சென்டிமீட்டர்.

ஆண்டுதோறும் "புது வரவு" என்று அறிவிக்கப்படும் கிட்டுகள் நான்கு வகைப்படும். முதல் வகை, புது அச்சு: காரை அளந்து, வரைந்து, எஃகில் புதிதாக அச்சு வெட்டி வார்ப்பது. டொயோட்டா ஜிஆர் 86, நிசான் ஃபேர்லேடி இஸட் போன்ற அண்மைக் கார்களுக்கு ஜப்பானின் டாமியா செய்தது இது. இரண்டாவது, மறுவெளியீடு: பல ஆண்டுகள் கிடங்கில் இருந்த அச்சை இறக்கி மீண்டும் ஓட்டுவது. மூன்றாவது, மாற்றிய அச்சு: பழைய அச்சில் பம்பரையோ சக்கரத்தையோ கூரையையோ மட்டும் மாற்றி வெட்டுவது. நான்காவது, பெட்டி மாற்றம்: உள்ளே அதே பாகம், மேலே புதுப் படம், புது ஸ்டிக்கர்.

முதல் மூன்றும் நேர்மையான தொழில். நான்காவதும் நேர்மையானதே, பெட்டியில் உண்மை எழுதியிருந்தால். இந்த வாரம் உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டு மேசைமேல் பிரிந்து கிடந்த பெட்டியில் அந்த உண்மை இல்லை. "புதியது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது; விலையும் புதிய விலை. உள்ளே பானெட்டின் ஓரத்தில் வெங்காயச் சருகு போல மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தது. கதவுக் கோடுகள் பாதி மழுங்கியிருந்தன. கோவை டூல்ரூம்களில் இதற்கு ஒரே சொல்: பிசிறு. அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் முகம் தேய்ந்துவிட்டால், அழுத்தத்தில் உருகிய பிளாஸ்டிக் அந்த இடுக்கில் கசிந்து தகடாக நிற்கும். பிசிறைப் பார்த்தே அச்சு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கும் டை ஃபிட்டர்கள். அந்தக் கண் எல்லோருக்கும் கிடையாது. முதன்முதலாகக் கிட் வாங்கும் பள்ளி மாணவன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறான். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது: பெட்டியில் அச்சு வெட்டிய ஆண்டைப் போடுங்கள். புத்தகத்தில் முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு என்று போடுவதில்லையா? அதே மரியாதை போதும்.

பழைய அச்சு என்பதே குறையும் ஆகாது. எஃகு அச்சுக்குத்தான் பெருஞ்செலவு. அதில் ஊற்றும் பிளாஸ்டிக் மணிக்குச் செலவு சொற்பம். ஒருமுறை வெட்டிய அச்சு நிறுவனத்தைவிட அதிக காலம் வாழ்கிறது. அமெரிக்காவின் ரெவல் நிறுவனம் 1951இல் தொடங்கிய "ஹைவே பயனியர்ஸ்" வரிசையோடு கார் கிட் பிரபலமானது. 1986இல் ரெவலும் மோனோகிராமும் ஒன்றாயின. 2018இல் தாய் நிறுவனம் திவாலானது. பெயரும் அச்சுகளும் அடுத்த கைக்குப் போயின, கிட் வருவது நிற்கவில்லை. ஏஎம்டி, எம்பிசி பெயர்களும் அச்சுகளும் இன்று ரவுண்ட் 2 என்ற நிறுவனத்திடம் இருக்கின்றன. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 2006இல் ஹார்ன்பி கைக்கு வந்தது.

மறுவெளியீட்டில் ஆதாயமும் உண்டு. முப்பது நாற்பது ஆண்டு பூட்டிக் கிடந்த அசல் பெட்டியில் ஸ்டிக்கர் மஞ்சள் பூத்துத் தண்ணீரில் உதிர்ந்துபோகும். டயரை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் கசிந்து, தொட்டுக்கொண்டிருந்த சக்கரத்தையே உருக்கியிருக்கும். மறுவெளியீட்டில் இரண்டும் புதிதாக வருகின்றன.

மீளாத அச்சுகளும் உண்டு. 1960களில் அமெரிக்க நிறுவனங்கள் அந்தந்த ஆண்டுக் காரின் கிட்டை அந்தந்த ஆண்டே விற்றன. மறு ஆண்டு காரின் முகம் மாறியதும் அதே அச்சைச் செதுக்கி மாற்றினார்கள். எஃகைச் செதுக்கி எடுப்பது எளிது, எடுத்ததைத் திரும்ப வைப்பது அப்படியில்லை. முந்தைய ஆண்டின் கார் அதோடு அழிந்தது. இன்று ரவுண்ட் 2 அப்படித் தொலைந்த சில உடல்களைப் புது அச்சாக வெட்டி வெளியிடுகிறது.

இந்த மறுவெளியீட்டு வரிசையில் தமிழ்நாட்டுக்கு உறவுள்ள கிட் ஒன்று இருக்கிறது: ஏர்ஃபிக்ஸின் 1/32 ட்ரையம்ப் ஹெரால்டு. 1960களில் வெட்டிய அச்சு. ஹார்ன்பி காலத்திலும் வண்ணம், தூரிகை, பசையோடு தொடக்கநிலைப் பெட்டியாக வந்தது. கட்டி முடித்தால் 12 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்து, முன்விளக்கையும் பின்புறச் சிறகையும் பார்த்தால், வயதான சென்னைக்காரர்கள் உடனே சொல்லும் பெயர் வேறு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அந்தக் காரே ஒரு கிட் மாதிரிப் பிறந்தது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு உடல் தகடு செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ 1953இல் போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. முழு உடலை ஒரே இடத்தில் அழுத்தி எடுக்க வழியில்லாமல், தனி சேசிஸ் போட்டு, உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, போல்ட்டால் இணைக்கும்படி வடிவமைத்தார்கள். இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி உருவம் கொடுத்தார். 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது. இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்த முழு பானெட் முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின் பக்கத்தில் நின்றபடி எஞ்சினைப் பார்க்கலாம். நெருக்கடிக்காகச் செய்த இந்த ஏற்பாடு, பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டுவதற்குத் தோதாக அமைந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டி, 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் அதைச் செய்தது. உள்நாட்டுப் பாகம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்ற காருக்கு இங்கே நான்கு கதவு வைத்தார்கள். 1972இல் முகத்தை மாற்றி 'கசல்' என்று விட்டார்கள்.

கிட் உலகின் நான்கு வகைகளில் முதல் வகை தவிர மற்ற மூன்றும் முழு அளவில் இந்தியச் சாலைகளில் ஓடியிருக்கின்றன என்பது இங்கே தெளிவாகிறது. ஹெரால்டு மூன்றாம் வகை, மாற்றிய அச்சு. அம்பாசடர் மறுவெளியீடு: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சுகள் 1957இல் இங்கிலாந்தை விட்டு மேற்கு வங்கத்தின் உத்தரபாராவுக்கு வந்தன. அந்த உருவம் 2014 மே மாதம் வரை உருண்டது. இடையில் வந்த மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா எல்லாவற்றிலும் பெரும்பாலும் மாறியது முன் கிரில்லும் பெயர்ப்பலகையும்தான். அதாவது நான்காம் வகை, பெட்டி மாற்றம். 1990களில் இசுசு எஞ்சின் வந்தது ஒரு மெய்யான மாற்றம். 1964இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து பிறகு பிரீமியர் பத்மினியான காரும் இதே குடும்பம். 1955இல் சென்னைக்கு வந்த என்ஃபீல்டு புல்லட்டும் அப்படியே. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடிய பிறகும் திருவொற்றியூரில் அது நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அரை நூற்றாண்டு இந்தியா பிறர் வெட்டிய அச்சை வைத்துப் பிழைத்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் அதில்தான் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தன.

முதல் வகை, புது அச்சு, கொங்கு நாட்டில் பிறக்கப் பார்த்தது. கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். உடுமலைப்பேட்டை அந்தச் சாலையின் நடுவில் இருக்கும் ஊர். ஒற்றை வண்டி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் உருவாக்கியது. 1952இல் இருவர் அமரும் சிறு பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலைக்கென்று செய்து காட்டினார். உற்பத்தி உரிமம் கிடைக்கவில்லை, கார் நின்றது. ஆயிரக்கணக்கில் வார்க்கும் அச்சு வெட்டப்படவே இல்லை. வெட்டாத அச்சுக்கு மறுவெளியீடு ஏது?

உடுமலை பேருந்து நிலையத்தில் நின்றால் இதன் தொடர்ச்சி தெரியும். பொள்ளாச்சி, பழனி தடத்தில் ஓடும் தனியார் பேருந்துகளை இளைஞர்கள் பல கோணங்களில் படம் எடுக்கிறார்கள். வீட்டுக்குப் போய் ஃபோம் ஷீட்டை அளந்து வெட்டி, அரை மீட்டர் நீளப் பேருந்து கட்டுகிறார்கள். 12 மீட்டர்ப் பேருந்து 1/24இல் சரியாக 50 சென்டிமீட்டர். முன்கண்ணாடியில் மாலை, மேலே சாமி பெயர், பின்னால் ஏணி, உள்ளே நீல விளக்கு, பலகையில் ஊர்ப்பெயர்கள் வரிசை மாறாமல். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவியிருக்கும் இந்தக் கைவேலைக்குக் கிட்டும் கிடையாது, அச்சும் கிடையாது. ஒவ்வொரு பேருந்தும் ஒரே பிரதி. கட்டியவரின் கையோடு அது முடிந்துபோகிறது. டாமியாவோ ரெவலோ ஏர்ஃபிக்ஸோ அம்பாசடருக்குக்கூட அச்சு வெட்டியதில்லை. நம் ஊர்ப் பேருந்துக்கு அவர்கள் வெட்டப்போவதில்லை.

வெட்டக்கூடிய கை இங்கேயே இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பம்பின் இம்பெல்லருக்கு மரத்தில் பேட்டர்ன் செய்பவர்களும், கிரைண்டர் மூடிக்கு எஃகில் மோல்டு வெட்டுபவர்களும் உள்ள மாவட்டம் கோவை. அளப்பதற்கு மூலமும் இருக்கிறது: அவிநாசி சாலையில் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து வண்டிகள் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. கார் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், முதல் வேண்டும், வாங்குபவர் வேண்டும், மூன்றும் எளிதல்ல. 2017இல் அம்பாசடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது; வெறும் பெயருக்கே அவ்வளவு மதிப்பு. ஆனாலும் 18 சென்டிமீட்டர் அம்பாசடரோ, 50 சென்டிமீட்டர் பழனிப் பேருந்தோ கோவையில் வார்த்து வெளிவருவது நடக்கக்கூடிய காரியம்.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு முதல் வேண்டாம். பல பட்டறைகளின் பின்கட்டில் பழைய டையும் பேட்டர்னும் துருவும் தூசும் ஏறிக் கிடக்கின்றன. இடம் வேண்டும் என்று எடை போட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள். அனுப்பும் முன் ஒருநாள் பொறுங்கள். என்ன பாகம், எந்த வண்டிக்கு, யார் வெட்டியது, எந்த ஆண்டு என்ற நான்கு விவரத்தையும் ஒரு தகட்டில் எழுதிக் கம்பியால் அதில் கட்டுங்கள்; வரைபடம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஃபோம் ஷீட்டில் பேருந்து கட்டும் தம்பிகளும் வெட்டிய அளவுகளை ஒரு நோட்டில் ஏற்றி, மேலே ஆண்டைப் போடுங்கள். அளவு இருந்தால் அடுத்த கை மறுபடி கட்டும்.