கமிஷன் யாருக்குப் போனது?

கஸா, மார்ஃபியஸ், லைம்வயர். இருபது ஆண்டுகளுக்கு முன் பாட்டும் படமும் காசில்லாமல் பரிமாறிக்கொள்ளக் கோடிக்கணக்கானோர் கணினியில் ஏற்றி வைத்திருந்த மென்பொருள்கள் இவை. கேட்டது ஒரு பாட்டு. கூடவே வந்து இறங்கியதோ ஒரு கூட்டம்.

கஸாவோடு சைடோர் என்ற விளம்பர நிரலும் வந்து உட்காரும். எரிச்சலில் அதன் கோப்பை அழித்தால் கஸாவே திறக்காது. நியூ டாட் நெட் என்ற இன்னொன்றைத் தாறுமாறாகப் பிடுங்கினால் இணைய இணைப்பே போய்விடும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான்.

இவையாவது கண்ணில் பட்டன. படாமல் நடந்த வேலை வேறு.

புத்தகங்களைப் பற்றி எழுதும் சிறு இணையதளக்காரர் ஒருவர் தன் பக்கத்தில் அமேசானுக்கு ஓர் இணைப்பு கொடுப்பார். அந்த முகவரியின் வாலில் அவருக்கான குறியீடு ஒட்டியிருக்கும். அதைச் சொடுக்கிப் போனவர் புத்தகம் வாங்கினால் இவருக்குச் சிறு கமிஷன். அமேசான் 1996-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. அந்த வாலைத்தான் நறுக்கினார்கள். பாட்டு மென்பொருளோடு வந்த துணை நிரல், வாங்குபவர் கடைக்குள் நுழையும் நேரம் பார்த்து, பழைய குறியீட்டின் இடத்தில் தன் ஆளின் குறியீட்டை வைத்தது. இந்த மூன்று மென்பொருள்களின் பெயரையும் சொல்லி 2002 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை அம்பலப்படுத்தியது.

வாங்கியவருக்கு விலையில் ஒரு காசு கூடவில்லை; அதனால் சந்தேகமும் வரவில்லை. பறிகொடுத்தவரோ அந்த மென்பொருளைத் தொட்டே இருக்கமாட்டார். அனுமதி வாங்கினார்களா? வாங்கினார்கள், யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தத்துக்குள்.

கஸா 2006-ல் இசை நிறுவனங்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் ஆனது. லைம்வயரின் பகிர்வுச் சேவையை 2010-ல் நீதிமன்றம் நிறுத்தியது. இரண்டும் பதிப்புரிமை வழக்குகள். பெரிய நிறுவனங்களுக்கு வழக்காட வக்கீல்கள் இருந்தார்கள். கமிஷனை இழந்த சிறு தளக்காரர்களுக்கு அந்த வசதி ஏது?

கதை அங்கே முடியவில்லை. பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி என்ற கூப்பன் தேடும் பிரவுசர் நீட்டிப்பு, யூடியூபர்களுக்குச் சேரவேண்டிய கமிஷனைத் தன் பக்கம் திருப்பியதாக 2024 டிசம்பரில் குற்றச்சாட்டு எழுந்தது, வழக்குகளும் தொடரப்பட்டன. கடைசிச் சொடுக்குக்கே கமிஷன் என்பது தொழில் வழக்கம், அதன்படியே நடந்தோம் என்பது பேபாலின் பதில். 2025 மார்ச்சில் கூகுள், பயனருக்குப் பலன் எதுவும் தராமல் இப்படிக் குறியீடு செருகும் குரோம் நீட்டிப்புகளுக்குத் தடை போட்டது.

பிடித்த யூடியூபரின் இணைப்பு வழியாக வாங்கி அவருக்கு நாலு காசு சேரட்டும் என்று நினைப்பவர்கள், முதலில் தங்கள் பிரவுசரில் உள்ள நீட்டிப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். எதற்கென்று தெரியாததை நீக்கிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.