கூட்டரசாங்கமும் கோணேசர் கோட்டையும்

கொழும்பில் அமையும் கூட்டரசாங்கங்களுக்குத் தமிழ்க் கட்சிகள் ஆதரவு கொடுப்பது சரியா, பிழையா என்னும் வாதம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. எந்த நிபந்தனையில், எவர் அறிய, எத்தனை நாள் தவணையில் ஆதரவு கொடுக்கப்பட்டது என்பதே கேட்கப்படவேண்டியது. இதற்குத் திருகோணமலையைக் காட்டிலும் நல்ல சான்று வேறில்லை.

1965 மார்ச் 24 அன்று டட்லி சேனநாயக்காவும் தந்தை செல்வாவும் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 ஆசனங்கள். தமிழரசுக் கட்சிக்கு 14. அப்பதினான்கும் அன்று பெறுமதி மிக்கவை. பதிலாக மாவட்ட சபைகள் வாக்களிக்கப்பட்டன. ஆயினும் உடன்படிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை. நிறைவேற்றும் நாளும் குறிக்கப்படவில்லை. செனட் சபை உறுப்பினரான மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார்.

1968இல் மாவட்ட சபைத் திட்டம் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், திருகோணமலை பிறெட்றிக் கோட்டையினுள் இருக்கும் கோணேசர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் ஒரு குழுவை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவர் ஆட்சேபித்தார்; பிரதமர் குழுவின் பணியை நிறுத்தினார். அமைச்சர் பதவி துறந்தார். கட்சியும் அரசை விட்டு விலகியது. இதைத் துரோகம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. மறைத்து வைத்த உடன்படிக்கையை முறித்தவனை ஊரறியக் குற்றம் சாட்டமுடியாது என்பதே இதன் பாடம்.

பாடம் படிக்கப்பட்டதா? 2015இல் திருகோணமலை மாவட்ட உறுப்பினரான இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆனால் நல்லாட்சி அரசுக்கு அவரது கூட்டமைப்பே பெருந்துணையாக நின்றது. 2018 டிசம்பர் 12 அன்று ரணில் விக்கிரமசிங்கவுக்கு 117 வாக்குகள் விழுந்தன. அவற்றுள் 14 கூட்டமைப்பினுடையவை. கழித்துப் பாருங்கள்: 103. பெரும்பான்மைக்கு வேண்டியதோ 113. அந்த வாக்குகளுக்கு ஈடாக மக்கள் முன் வைக்கப்பட்ட எழுத்து எது?

சனநாயகத்தைக் காக்கவே வாக்களித்தோம் என்றனர். அக்டோபர் 26இல் நடந்த அரசியலமைப்பு மீறலை எதிர்த்தது சரியே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சனநாயகத்தைக் காக்கும் வேளையில் மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறிக்கக் கேட்பது சனநாயக விரோதமா? திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு மாகாண சபையில் 2015இல் 11 ஆசனங்களை உடைய கூட்டமைப்பு, 7 ஆசனங்களை உடைய முஸ்லிம் காங்கிரசுக்கு முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுத்து ஆட்சி நடத்தியது. 2017 செப்டம்பர் 30இல் அச்சபையின் காலம் முடிந்தது. 2018 ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை ஒரு வாக்கும் பெறாமல் நாடாளுமன்றில் தோற்றது. 2025 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர் ஆட்சிதான்.

ருமேனியாவைப் பாருங்கள். கம்யூனிச ஆட்சி வீழ்ந்த அந்நாட்டில் ஹங்கேரிய சிறுபான்மையினரின் கட்சி, 2000ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அமைச்சுப் பதவி ஏற்காமல் வெளியிலிருந்து ஆதரவளித்தது. எழுத்திலான உடன்பாட்டின் பேரில், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே அளித்தது. 2001இல் நிறைவேறிய சட்டத்தால், ஐந்தில் ஒரு பங்கினராகச் சிறுபான்மையினர் வாழும் ஊர்களில் உள்ளூராட்சி அலுவலகங்களில் அவர்களது மொழி வழங்கலாயிற்று. அங்கும் பேரினவாதம் இருந்தது. ஆனால் ஆதரவுக்குத் தவணையும் இருந்தது.

2024இல் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றபின் இந்தப் பேச்செல்லாம் வீண் என்பார்கள். அந்தப் பலத்தோடு இருந்த அரசின் காலத்தில்தான், 2025 நவம்பரில், திருகோணமலைக் கடற்கரையில் பொலிசார் அகற்றிய புத்தர் சிலை மறுநாளே திரும்ப வைக்கப்பட்டது. 1968இன் அச்சம் இன்னும் ஆளுகிறது. பெரும்பான்மை நிலையானதுமன்று: 1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வென்ற கட்சி 2020இல் ஒரேயொரு ஆசனத்துக்கு இறங்கிற்று.

மீண்டும் ஒருநாள் பதினான்கு வாக்குகள் தேவைப்படும். அன்று பேரம் பேசப்போகிறவர்கள், எதைக் கேட்பார்கள், எந்த நாளுக்குள் கேட்பார்கள், கிடைக்காவிடில் எப்போது விலகுவார்கள் என்பதை இன்றே எழுதி வாக்காளரிடம் காட்டட்டும். காட்டத் துணியாதவர்களுக்கு வாக்கு எதற்கு?