சேலை சிவப்பு, படத்தில் காவி! நஷ்டம் யாருக்கு?

தேனி மாவட்டத்தில் கைத்தொழிலுக்குப் பஞ்சம் இல்லை.

ஆண்டிப்பட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் ஆகிய ஊர்களில் தறிச் சத்தம் கேட்கிறது. அங்கே நெய்யும் பருத்திச் சேலைக்கு வெளியூரிலும் பெயர் உண்டு. மாவட்டத்தின் பல ஊர்களில் மூங்கில் கூடை முடைகிறார்கள். மண் சட்டி வனைகிறார்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் ஒயர் கூடை பின்னுகிறார்கள், துணிப்பை தைக்கிறார்கள்.

செய்கிற கை நல்ல கை. செய்த பொருளும் நல்ல பொருள். ஆனால், விற்கிற இடம் மாறிவிட்டது!

முன்பெல்லாம் சந்தைக்கு வந்தவர் கூடையைத் தூக்கிப் பார்ப்பார். சட்டியைத் தட்டிப் பார்ப்பார். சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தில் விரித்து நிறம் பார்ப்பார். அதன் பிறகுதான் பேரம்.

இப்போது வாங்குகிறவர் சென்னையில் இருக்கிறார். அவர் கையில் செல்போன் இருக்கிறது. தொட்டுப் பார்க்க வழி இல்லை. தட்டிப் பார்க்க வழி இல்லை. படத்தைத்தான் பார்க்கிறார், பணத்தைக் கட்டுகிறார்.

அப்படியானால், கடை எது? படம்தான் கடை!

அந்தக் கடை எப்படி இருக்கிறது? அடுப்படி மூலையில் கூடையை வைத்து, மஞ்சள் விளக்கைப் போட்டு, இரவில் எடுத்த படம். பின்னால் மாவு டப்பா தெரிகிறது. கொடியில் துணி தொங்குகிறது. கூடை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது!

இரண்டு கூடை லாபம் போச்சு!

படம் மோசமாக இருந்தால் பொருள் விற்காது. அது ஒரு நஷ்டம். படம் பொய் சொன்னால் விற்ற பொருள் திரும்பி வரும். அது பெரிய நஷ்டம்!

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு கூடையில் 60 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் போக 60 ரூபாய், திரும்பி வர 60 ரூபாய். ஆக 120 ரூபாய். ஒரு கூடை திரும்பி வந்தால் இரண்டு கூடையின் லாபம் காலி!

சட்டமும் இதைச் சொல்கிறது. இணைய வியாபாரத்துக்கு மத்திய அரசு 2020-ம் ஆண்டில் விதிகள் கொண்டுவந்தது. விளம்பரத்தில் காட்டியதும் அனுப்புகிற பொருளும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று விற்கிறவர் சொல்லக் கூடாது.

நெசவாளியோ, கூடை முடைகிற பெண்ணோ யாரையும் ஏமாற்ற நினைப்பதில்லை. ஏமாற்றுவது விளக்கு!

மஞ்சள் விளக்கில் வெள்ளைத் துணி பழுப்பாகத் தெரியும். சிவப்பு காவியாகும். கருநீலம் கறுப்பாகும். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்றால் இன்னும் மோசம். ஒரே சேலை இரண்டு நிறமாகத் தெரியும்!

திண்ணைதான் ஸ்டூடியோ

"நல்ல படம் எடுக்க ஸ்டூடியோ வேண்டுமே, விலை உயர்ந்த விளக்கு வேண்டுமே" என்று பலர் மலைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

1858-ம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் மதுரைக்கு வந்தார். அவர் சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோக்காரர். மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் பிடித்தார். அதே ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் படம் பிடித்தார். அப்போது மின்சார விளக்கு ஏது? பகல் வெளிச்சம் ஒன்றுதான் துணை. அந்தப் படங்களை இன்றும் அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன.

அன்றைக்கு அவருக்குப் போதுமாக இருந்த வெளிச்சம், இன்றைக்குக் கூடைக்குப் போதாதா?

கிராமத்து வீட்டுத் திண்ணையில் நிழல் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது. நேர் வெயில் விழுவதில்லை. கருநிழல் படிவதில்லை. இதைவிட நல்ல ஸ்டூடியோ எங்கே?

திண்ணை இல்லாத வீட்டில் ஜன்னல் ஓரம் போதும். வீட்டு விளக்குகளை அணைத்துவிட வேண்டும். செல்போனின் பிளாஷ் விளக்கும் கூடாது. வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. அதில் வெயில் அதிகம் விழாது. சித்திரை முதல் ஆடி வரை நடுப்பகலில் சூரியன் கொஞ்சம் வடக்கே இருக்கும். அப்போது வெயில் எட்டிப் பார்க்கலாம். பழைய வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினால் போதும். சுடுகிற வெயில் பால் போன்ற வெளிச்சமாகிவிடும்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருட்டாக இருக்கும். அங்கே ஒரு வெள்ளை அட்டையையோ தெர்மோகோல் பலகையையோ நிறுத்த வேண்டும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். இருட்டுப் பக்கமும் தெளியும்.

நேரமும் முக்கியம். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே மலை. மாலைச் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு மேல் எடுத்துவிடுவது நல்லது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதங்களில் பின்னால் தொங்குகிற துணிக்கும் காகிதத்துக்கும் கல் வைக்க மறக்கக் கூடாது!

பின்னால் என்ன வைப்பது?

பூப்போட்ட போர்வை வேண்டாம். பளபளக்கும் ஜரிகைத் துணி வேண்டாம். பின்னணி பேசினால் பொருள் பேசாது!

சிவப்புப் போர்வையில் வெள்ளைத் துணிப்பையை வைத்தால் பை இளஞ்சிவப்பாகத் தெரியும். பக்கத்து நிறம் பொருளில் ஒட்டிக்கொள்ளும்.

பெரிய வெள்ளைக் காகிதம் ஒன்று போதும். அதன் மேல் நுனியைச் சுவரில் ஒட்ட வேண்டும். கீழ்ப் பகுதியை மடிக்காமல், வளைவாக மேஜை மேல் இறக்க வேண்டும். சுவரும் மேஜையும் சேரும் கோடு தெரியாது. பொருள் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

அமேசான் போன்ற பெரிய விற்பனைத் தளங்கள் முதல் படத்துக்கு வெள்ளைப் பின்னணிதான் கேட்கின்றன. வெளிர் நிறப் பொருளுக்கு இன்னொரு படம் சாம்பல் நிறத் துணியில் எடுக்கலாம்.

வெள்ளைப் பின்னணியில் செல்போன் ஏமாந்துபோகும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை மங்கலாக்கிவிடும். திரையில் பொருளின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். மிகவும் கிட்டே போய் எடுத்தால் கூடையின் வயிறு வீங்கித் தெரியும். இரண்டடி தள்ளி நின்று, பெரிதாக்கி எடுப்பது நல்லது.

கூடையின் பின்னலும் சேலையின் இழையும் தெரிய வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். பித்தளைச் சாமானைச் சுற்றி வெள்ளைக் காகிதம் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எடுப்பவர் முகமே அதில் தெரியும்! ஒரு படத்தில் பொருளுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்தால் எவ்வளவு பெரியது என்ற சந்தேகம் இராது.

குறையை மறைக்கலாமா?

"கொஞ்சம் நிறத்தைக் கூட்டிப் போட்டால்தானே விற்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. விற்கும், ஒரு தடவை விற்கும். அடுத்த தடவை அந்த வாடிக்கையாளர் வருவாரா?

கையால் முடைந்த கூடையில் ஒரு பின்னல் முன்னே பின்னே இருக்கும். கையால் வனைந்த சட்டியில் விரல் தடம் இருக்கும். அதைக் கண்டு வெட்கப்படுவானேன்? இயந்திரம் செய்யவில்லை, மனிதக் கை செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி! அதை மறைக்காமல் ஒரு படம் கிட்டத்தில் எடுத்துப் போட வேண்டும். பார்த்து வாங்கியவர் திருப்பி அனுப்ப மாட்டார்.

யார் செய்வது?

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ம் ஆண்டில் தர்மபுரியில் தொடங்கியது. குழுக்களின் பொருள்கள் 'மதி' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றை விற்க 'பூமாலை' வணிக வளாகங்கள் உண்டு. பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கிறார்கள். கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். நல்ல காரியம்.

படம் எடுப்பதும் அந்தப் பாடத்தில் சேர வேண்டும். ஒரு நாள் பயிற்சி போதும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஜன்னல் உள்ள ஓர் அறை, ஒரு மேஜை, வெள்ளைக் காகிதம், வெள்ளைத் துணி, இரண்டு தெர்மோகோல் பலகை ஒதுக்கினால் போதும். செலவு பெரிதல்ல. குழுப் பெண்கள் மாதம் ஒருமுறை பொருளோடு வந்து, படத்தோடு போவார்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதில் வேலை உண்டு. அம்மா கூடை முடைகிறாள். மகள் கையில் செல்போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால், அம்மாவின் உழைப்புக்குச் சரியான விலை கிடைக்கும்.

மூங்கிலைக் கீறிக் கீறிக் கை காய்த்துப்போகிறது. அந்த உழைப்பை ஒரு மஞ்சள் விளக்கு பாழாக்கலாமா?

விளக்கை அணையுங்கள். ஜன்னலைத் திறவுங்கள். பொருள் தானே பேசும்!