நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்னும் பொய்யும் சேவல்மீது காட்டும் போலி இரக்கமும்

"நாட்டுக்கோழிக்கு நோயே வராது, அதற்கு மருந்தும் வேண்டா, மருத்துவரும் வேண்டா." இயற்கை உணவின் பெயரால் பரப்பப்படும் இக்கூற்றைப் போலப் புறக்கடைக் கோழிகளுக்குக் கேடு செய்த பொய் வேறில்லை. வெயிலையும் தீனிக் குறைவையும் நாட்டுக்கோழி பண்ணைக்கோழியைவிட நன்றாகத் தாங்கும் என்பது மெய். வெள்ளைக்கழிச்சலை அது தாங்காது. தடுப்பூசி காணாத கூட்டத்துள் அந்நோயின் கொடிய வகை புகுந்தால், பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, கழுத்து முறுகி, இறகு தொங்கி, ஒரு வாரத்தில் பஞ்சாரமே காலியாகும்.

இந்நோய் அறியப்படாத புதுமையன்று. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இனங்காணப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் குமாவோன் மலையூரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூரின் பெயரையே பெற்றது. 1940களிலேயே முக்தேசுவர ஆய்வகத்தில் இதற்கான தடுப்பூசி வித்து உருவாயிற்று. எண்பது ஆண்டுகளாகத் தடுப்பூசி உள்ள நோய்க்கு இன்றும் கோழிகள் கூட்டங்கூட்டமாய் மடிகின்றன என்றால், குற்றம் கிருமியின்மேல் மட்டும் இல்லை.

அனூரிலிருந்து மலை மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள கௌதள்ளியை எடுத்துக்கொள்ளலாம். கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தின் பகுதியாகி, 1990களின் இறுதியில் சாமராசநகர் மாவட்டத்துக்குள் சென்றது. தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஊர் அது. இங்கு வெள்ளைக்கழிச்சல் எனப்படுவதே அங்குக் கொக்கரெ ரோகம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. அது பாலாற்றுச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடும். கோழிக் கூடை ஏற்றிய வண்டி அங்கு நிற்பதில்லை. இரு மாநிலங்களும் ஒரே வாரத்தில் ஊசி போடாத வரை, எல்லையோர ஊர்களில் ஒரு கரையின் உழைப்பை மறுகரையின் அலட்சியம் அழித்துக்கொண்டே இருக்கும்.

"தடுப்பூசி இருக்கிறதே, மக்கள்தாம் போடுவதில்லை" என்று பழியைப் பெண்கள்மேல் போடுவோர் அந்தக் குப்பியை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு, இருநூறு, ஐந்நூறு, ஆயிரம் கோழிகளுக்கான மருந்து. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவள் என்ன செய்வாள்? அந்தக் குப்பி பண்ணைக்காக அளவெடுக்கப்பட்டது. ஆனால் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 85 கோடிக் கோழியினங்களில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்கின்றன. அவற்றை மனத்தில் வைத்து அளவெடுத்தவர் எவர்?

வழி இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 தடுப்பூசி வெப்பத்தைத் தாங்குவது. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விட்டுச் சிறு கட்டணம் பெறுகின்றனர். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் நாட்டுக்கோழிக்கென வாய்வழிக் குருணைத் தடுப்புமருந்தை உருவாக்கியது. ஆய்வகத்தில் பிறந்தது பஞ்சாரம் வரை நடக்கவில்லை என்பதே குறை.

இனிச் சேவல். எந்தப் பொரிப்பிலும் ஏறத்தாழப் பாதி சேவலே. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிகுந்த சேவல்களை விட்டுவைத்தால் ஓயாத மிதியில் பெட்டைகளின் முதுகு இறகுதிர்ந்து புண்ணாகும், தீனி குறையும், நலிந்த பெட்டையை நோய் எளிதில் பற்றும். ஆகவே வளர்ந்த சேவலை விற்பதும் அறுப்பதும் கொடுமை அன்று. அது கூட்டத்தைக் காக்கும் பொறுப்பு. சண்டைக்கு விடுவதே கொடுமை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் அதைத்தான் குற்றமென்கிறது.

குடிசைவாசலில் சேவல் அறுபடுவது கண்டு முகம் சுளிப்போர், தம் தட்டிலுள்ள வெள்ளை முட்டையின் கதையைக் கேட்க வேண்டும். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் ஆண் குஞ்சு பிறந்த நாளிலேயே அழிக்கப்படுகிறது. ஜெர்மனி 2022 தொடக்கத்தில்தான் அதைத் தடைசெய்தது. புறக்கடைச் சேவலோ வெயிலில் கிளறி, கூவி, மாதக்கணக்கில் வாழ்ந்த பிறகே சாகிறது. இரக்கம் எந்தப் பக்கம் குறைவு?

நோய் தொட்டதும் எஞ்சிய கோழிகளைக் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளும் வழக்கத்துக்கும் மறுப்பு வேண்டும். அதைச் செய்விப்பது வறுமை. ஆயினும் விற்கப்படுவது கோழி மட்டுமன்று, அடுத்த ஊருக்கான நோயும் கூடத்தான். உரிய காலத்தில் விற்ற ஒரு சேவலின் பணம் அத்தெருக் கோழிகள் அனைத்துக்கும் ஒரு குப்பி வாங்க உதவும். பத்து வீடுகள் ஒரே காலையில் கூடினால் குப்பியும் வீணாகாது. சேவலைக் காலத்தில் விற்காதவர் பெட்டைகளை அகாலத்தில் விற்க நேர்கிறது.

நோயுற்ற பெட்டைக்குச் செய்ய வேண்டியது தெளிவு. தனிக் கூடை, தூய நீர், மென்மையான தீனி; மற்றவற்றுக்குத் தீனியிட்ட பிறகே அதைத் தொடுதல்; இறந்ததைக் குப்பையில் எறியாது சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல். மஞ்சளும் சீரகமும் சின்ன வெங்காயமும் தேற்றலாம், தடுப்பூசிக்கு ஈடாகா. மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைப் பிரித்து அலகில் கொட்டுவது வைரசை ஒன்றும் செய்யாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவையே வளர்க்கும். கொலிஸ்டினைக் கால்நடைக்குத் தரக்கூடாதென 2019இல் நடுவண் அரசு தடைவிதித்தது இவ்வச்சத்தால்தான்.

இலவசக் குஞ்சுகளின் எண்ணிக்கையைச் சாதனையாக வெளியிடும் துறைகள், ஓராண்டுக்குப் பின் அவற்றுள் உயிரோடிருப்பவை எத்தனை என்பதையும் வெளியிடட்டும். சிறு குப்பி, ஊருக்கொரு பயிற்சி பெற்ற பெண், எல்லையின் இருபுறமும் ஒரே வாரத்தில் முகாம்: இம்மூன்றும் பெருஞ்செலவு கேட்பவை அல்ல. இவற்றைச் செய்யாமல் கௌதள்ளிப் பெண்ணின் கையில் மேலும் பத்துக் குஞ்சுகளைத் தருவது, நோய்க்கு இரை போடுவதே.