வாசலோட நிறுத்தாதீங்க

போன வருஷ கல்ச்சுரல்ஸ் ஞாபகம் இருக்கா? மெயின் கேட்லேர்ந்து ஆடிட்டோரியம் வரைக்கும் சிறப்பு விருந்தினரைப் பறை அடிச்சுக் கூட்டிட்டு வந்தோம். ஆறு பேர் கொண்ட டீம். நீங்களும் வீடியோ எடுத்திருப்பீங்க, பாதிப் பேர் ஸ்டோரி கூட போட்டீங்க. நான் வரவேற்புக் குழுவுல இருந்தேன். எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. விருந்தினர் ஆடிட்டோரியம் படியில கால் வச்சதும் பறை டீமைப் பார்த்து "போதும்ணா"ன்னு கை காட்டணும். காட்டினேன். அவங்க நிறுத்தினாங்க. நாங்க கதவைச் சாத்தினோம். உள்ள குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. சாயங்காலம் டிஜே.

அந்த ஆறு பேர் எப்போ கிளம்பினாங்க, சாப்பிட்டாங்களா, எந்த ஊரு, எதுவுமே எனக்குத் தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல.

ரெண்டு வாரம் கழிச்சு கேன்டீன்ல உக்காந்திருந்தப்போ என் ப்ராஜெக்ட் பேட்ச்ல இருக்கிற ஒருத்தன் சாதாரணமா சொன்னான்: "அன்னைக்கு இடது பக்கம் ரெண்டாவதா நின்னது எங்க சித்தப்பா." அவன் ஊரு ஜெயங்கொண்டம் பக்கம். மூணு வருஷமா ஒண்ணா படிக்கிறோம், ஒரே லேப் டேபிள். இது எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பறைச் சத்தம் கேட்டதும் அவன் ஹாஸ்டல் ரூமுக்குப் போயிட்டானாம். சித்தப்பாவும் அவனைத் தேடலையாம். ஏன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. நம்ம ஊர்ல பொறந்த எல்லாருக்கும் அந்த 'ஏன்' தெரியும்.

இதை எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது, பேரு மட்டும் போடாத"ன்னான்.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த வருஷ கல்ச்சுரல்ஸ்ல ஒரே ஒரு சாயங்காலத்தை, ஒரு ரெண்டு மணி நேரத்தை, சின்னக் குழு இசைக்கு ஒதுக்கணும். டிஜே வேண்டாம்னு நான் சொல்லல. நானும்தான் ஆடினேன். அதோட சேர்த்து இதுவும் வேணும்னு சொல்றேன்.

சின்னக் குழு இசைன்னா என்ன? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள்ல சேம்பர் மியூசிக்னே தனியா விழா நடத்துவாங்க. சேம்பர்னா அறை. ஒரு காலத்துல ஐரோப்பாவுல அரண்மனை அறைகள்ல, பிரபுக்கள் வீட்டுக் கூடத்துல வாசிச்ச இசை. நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க. ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி ஒரே வரியைப் பத்து பேர் வாசிக்க மாட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வரி. முன்னாடி நின்னு குச்சி ஆட்ட ஒரு கண்டக்டர் கிடையாது. ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் கவனிச்சுத்தான் வாசிக்கணும். இதுல ரொம்பப் பிரபலம் ஸ்ட்ரிங் குவார்டெட்: ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பதினெட்டாம் நூற்றாண்டுல ஹைடன்னு ஒரு இசையமைப்பாளர் இதுக்கு ஒழுங்கான ஒரு வடிவம் கொடுத்தார்.

சுலபமா புரியணும்னா நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பேட்ச் மாதிரி. நாலு பேர், தலைவர் கிடையாது. ஒரே வித்தியாசம், நம்ம பேட்ச்ல ஒருத்தர் வேலை செய்வார், ஒருத்தர் ரிப்போர்ட் பிரிண்ட் எடுப்பார், மீதி ரெண்டு பேர் வைவாவுக்கு வருவாங்க. குவார்டெட்ல அது நடக்காது. ஒருத்தர் வாசிக்கலைன்னா அடுத்த நொடியே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

இது பழைய வெள்ளைக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1973ல அமெரிக்காவுல டேவிட் ஹாரிங்டன் ஆரம்பிச்ச க்ரோனோஸ் குவார்டெட், 2005ல ஆஷா போஸ்லேவோட சேர்ந்து ஆர்.டி. பர்மன் பாட்டுகளை ஒரு முழு ஆல்பமா போட்டாங்க. இளம் குவார்டெட்கள் பழகுறதுக்குன்னு உலகம் முழுக்க இருக்கிற இசையமைப்பாளர்கள்கிட்ட 50 புதுப் படைப்புகள் எழுதி வாங்கி, நோட்ஸை இணையத்துல இலவசமா கொடுத்தாங்க. நாம ஓப்பன் சோர்ஸ்னு சொல்றோமே, அதேதான்.

நம்ம ஊர்லயும் இது இருக்கு. 2025 ஜூலை 27 ஞாயித்துக்கிழமை, நம்ம அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துல ஆடித் திருவாதிரை விழாவுல இளையராஜா வாசிச்சார். பிரதமர் வந்திருந்தார். எங்க வீட்ல எல்லாரும் டிவி முன்னாடிதான். அதுக்கு நாலு மாசம் முன்னாடி, மார்ச் 8ல, லண்டன்ல அவரோட சிம்பொனி அரங்கேறிச்சு. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, பெரிய மேடை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா 1986ல அவர் 'ஹவ் டு நேம் இட்'னு ஒரு ஆல்பம் போட்டார். படம் கிடையாது, ஹீரோ கிடையாது, பாட்டு வரி கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையா செஞ்சது. அதுல தனியா ஒலிக்கிற வயலின் வி.எஸ். நரசிம்மனோடது. அவர்தான் பின்னாடி மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டை ஆரம்பிச்சார். சினிமா ரெக்கார்டிங்ல நம்ம எல்லாருக்காகவும் வாசிச்ச கலைஞர்கள் நாலு பேரா உக்காந்து, கர்நாடகக் கீர்த்தனைகளை மேற்கத்திய ஹார்மனியோட வாசிச்சாங்க. ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க. மெலடி ஒரு வயலின்ல போகும், அடியில செல்லோ வேற ஒண்ணு பேசும். ரெண்டும் சண்டை போடாது.

எனக்கு இதெல்லாம் பிறப்புலேயே தெரியும்னு பில்டப் கொடுக்க வரல. எல்.கே.ஜி.லேர்ந்து இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல்ல கீபோர்டு கிளாஸ் போனேன். சி மேஜர் ஸ்கேல் கண்ணை மூடிட்டு வாசிப்பேன். தவில்ல ஒரு பக்கம் குச்சி, இன்னொரு பக்கம் விரல்ல கூடு மாட்டி வாசிக்கிறாங்கன்னு போன மாசம்தான் உத்துப் பார்த்தேன். இத்தனைக்கும் நான் போகாத கல்யாணம் இல்ல, தவில் இல்லாத கல்யாணமும் இல்ல. சத்தமா இருக்குன்னு தள்ளி உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்.

இப்போ மேல சொன்ன இலக்கணத்தைத் திரும்பப் படிங்க. சின்னக் குழு. ஒவ்வொருத்தருக்கும் தனி வரி. கண்டக்டர் இல்ல. ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிக்கணும். நம்ம ஊரு நையாண்டி மேளத்தை எடுத்துக்குங்க. ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு. இலக்கணம் அப்படியே பொருந்துது. பறைக் குழுவுக்கும் பொருந்துது. அப்போ அன்னைக்குப் படிக்கட்டுல கை காட்டி நான் நிறுத்தினது எதை?

இந்தக் கட்டுரைக்காக அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு கையில நீளமான மெல்லிசு சிம்புக்குச்சி, இன்னொரு கையில குட்டையான அடிக்குச்சி. நடந்துக்கிட்டே வாசிக்கிறாங்க. முன்னாடி நிக்கிறவர் அடியை மாத்துறார், ஒரு வார்த்தை பேசல, லேசா தலையைத் திருப்புறார். மத்த அஞ்சு பேரும் சரியா அந்த இடத்துல உள்ள வர்றாங்க. வாசிக்கிறதுக்கு முன்னாடி நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினாங்க, பார்த்திருப்பீங்க. ஈரம் போய்த் தோல் இறுகினா அதிர்வெண் ஏறும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல நாம மனப்பாடம் பண்ணதை அவங்க கையால சரி பண்றாங்க. வீடியோ கடைசியில என் கை ஃப்ரேமுக்குள்ள வருது. அடி பாதியில நிக்குது. ஒரு சுற்று முடிக்கக் கூட நான் விடல.

இதுக்கு என்னென்ன எதிர்ப்பு வரும்னு தெரியும். ஒவ்வொண்ணா சொல்றேன்.

"கூட்டம் வராது." சரி, வர வேண்டாம். ஆயிரம் பேர் வந்தா அது வேற நிகழ்ச்சி. நூறு பேர் போதும், எண்பது வந்தாலும் சந்தோஷம். 1977ல ஸ்பிக் மேக்கேவை ஆரம்பிச்ச கிரண் சேத் யாரு தெரியுமா? ஐ.ஐ.டி. டெல்லியில மெக்கானிக்கல் புரொபசர். நியூயார்க்ல படிச்சப்போ ஒரு துருபத் கச்சேரி கேட்டார். இதை நம்ம ஊர்ப் பசங்களும் கேக்கணும்னு காலேஜ் காலேஜா கொண்டுபோனார். இன்னைக்கு அது நாடு முழுக்க நடக்குது. ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இது எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு இதான் பதில். ஆரம்பிச்சதே ஒரு இன்ஜினியரிங் காலேஜ்லதான்.

"செமினார் ஹால்ல பறை அடிச்சா காது போயிடும்." உண்மை. பறையும் நையாண்டி மேளமும் வெட்டவெளிக்குன்னு உருவான இசை. ஃபால்ஸ் சீலிங் போட்ட ஹால்ல அதை அடைச்சா அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அதனால அதை சிவில் பிளாக் நடு முற்றத்துல வைப்போம். வயலின், வீணை, நம்ம பசங்க கிட்டார் இதெல்லாம் செமினார் ஹால்ல, மைக் இல்லாம. அறை இசைன்னா அறைக்குள்ளதான் இருக்கணும்னு இல்ல. பக்கத்துல உக்காந்து, முழுசா, குறுக்க பேசாம கேக்கணும். அதுதான் முக்கியம்.

"கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே நாள்லயா?" ஏன் கூடாது? சென்னையில 2015லேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவுல மீனவர் குப்பத்துக்குள்ளயே ரெண்டையும் சேர்த்து நடத்திக் காட்டினாங்க. 2025ல மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காக பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நாடு விருது கொடுக்குது. நாம மட்டும் வாசல்ல நிறுத்துறோம்.

நாலாவது எதிர்ப்புதான் கஷ்டமானது. அது என் நண்பன் சொன்னது. "நீ மேடை கொடுத்தா எங்க ஊர்ல சாவுக்குக் கூப்பிடறது நின்னுடுமா?" நிக்காது. எனக்குத் தெரியும். பறை அடிக்க மாட்டோம்னு மறுத்துப் போராடினவங்க தமிழ்நாட்டுல இருக்காங்க. இது எங்க கலை, தலை நிமிர்ந்து அடிப்போம்னு சொல்றவங்களும் இருக்காங்க. இதுல எது சரின்னு தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஒண்ணு மட்டும் புரியுது. கட்டாயமா வர வேண்டிய அழைப்புக்கும் 'முடியாது'ன்னு சொல்லக்கூடிய அழைப்புக்கும் வித்தியாசம் இருக்கு. நாம கொடுக்கிறது ரெண்டாவது மாதிரி இருக்கணும். அதுக்கு சில விஷயங்கள் செய்யலாம்.

போஸ்டர்ல 'பறை இசை'ன்னு பொதுவா போடாம வாசிக்கிறவங்க பேரைப் போடணும். டிஜேவோட பேரை எவ்வளவு பெருசா போடுறோமோ அதே அளவுல. அன்னைக்கு வாசிக்கிற எல்லாக் குழுவுக்கும் தலைக்கு ஒரே சம்பளம். வயலினுக்கு ஒரு ரேட்டு, தவிலுக்கு ஒரு ரேட்டு கிடையாது. என்ன வாசிக்கணும், எவ்வளவு நேரம் வாசிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும். நாற்காலி, தண்ணி, சாப்பாடு விருந்தினருக்கு எங்கயோ அவங்களுக்கும் அங்கயே. முடிஞ்சதும் பத்து நிமிஷம் கேள்வி பதில். அப்புறம், யாரும் கை காட்டி நிறுத்தக் கூடாது.

இதுக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்ல. போன வருஷம் லேசர் லைட்டுக்கும் ஸ்மோக் மெஷினுக்கும் ஆன செலவுல ஒரு பகுதி போதும். மூணு குழு, ஆளுக்கு அரை மணி நேரம். மூணாவது குழு நம்ம பசங்களாவே இருக்கட்டும். ஹாஸ்டல்ல புல்லாங்குழல் வாசிக்கிறவன் இருக்கான், இ.சி.இ.ல மிருதங்கம் தெரிஞ்ச பொண்ணு இருக்கா. இவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை கூடச் சந்திச்சது இல்ல.

அடுத்த வாரம் கல்ச்சுரல்ஸ் கமிட்டி மீட்டிங். இதை ஒரு பக்கக் கடிதமா எழுதி வச்சிருக்கேன். இப்போதைக்கு ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா அதுக்கு அவன் ஒரு கண்டிஷன் போட்டான். சித்தப்பாகிட்ட அவனே பேசுவானாம், கமிட்டிலேர்ந்து யாரும் போன் பண்ணக் கூடாதாம். வர்றதும் வராததும் அவர் இஷ்டமாம். வந்தா, அவன் முன் வரிசையில உக்காருவானாம்.

கடிதம் லைப்ரரி வாசல்ல, நோட்டீஸ் போர்டுக்குக் கீழ இருக்கிற டேபிள்ல இருக்கும். மதியம் 12.30லேர்ந்து 1.30 வரை நான் அங்கதான் இருப்பேன். வந்து கையெழுத்துப் போடுங்க. போட மனசு இல்லைன்னா ஏன்னு சொல்லிட்டாவது போங்க.